நோயின் பெயரும் மனிதரின் பெயரும்: நம் அருளுரை மொழி பற்றிய ஒரு திறனாய்வு

பிறரைப் புண்படுத்த வேண்டும் என்னும் எண்ணத்தோடு சொல்லப்படும் சொல்லை இனங்காண்பது எளிது. சொல்பவரும் கேட்பவரும் அதன் நோக்கத்தை அறிவர். மன்னிப்புக் கேட்கவும் மன்னிக்கவும் அங்கே இடமுண்டு. நல்லெண்ணத்தோடு, இரக்கத்தோடு, சில வேளைகளில் பக்தியோடே சொல்லப்படும் சொல் புண்படுத்தும்போது நிலைமை வேறாகிறது. சொல்பவர் தம் சொல் எவரையும் தைத்ததாக அறியார். கேட்பவரோ எதைக் குறையென்று எடுத்துரைப்பது என்று தெரியாமல் வாய்மூடி எழுந்து போகிறார். இத்தகைய காயம் வெளியே தெரியாதாகையால் ஆறுவதும் அரிது.

நம் திருச்சபைகளின் அருளுரைகளிலும், மன்றாட்டுகளிலும், நோயுற்றோரைச் சந்திக்கும் உரையாடல்களிலும் இவ்வாறு வழங்கும் சொற்கள் பல. அவற்றுள் ஒன்றை மட்டும் ஈண்டு விரிவாக ஆராய எண்ணுகிறோம். அது ‘குஷ்டரோகி’ என்னும் சொல். செங்கற்பட்டு மண்ணோடு நெருங்கிய உறவுடைய சொல் இது. இச்சொல்லின் பொருளை மருத்துவமும் இறையியலும் சேர்ந்து மறுபடி எண்ணிப் பார்க்க வழிகோலிய பணி அவ்வூரை அடுத்த திருமணியில் நடைபெற்றது. அங்கிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரக் கடற்கரைக்குச் சென்றால், இதே வகையில் புண்படுத்தும் வேறொரு சொல்லையும் காணலாம். அதனை இறுதியில் சுருக்கமாகத் தொடுவோம்.

1. தகுதி வழக்கும் அதன் எல்லையும்

சொல்லத் தகாததை வேறொரு சொல்லால் சொல்லும் பண்பு தமிழுக்குப் புதியதன்று. பவணந்தியார் தம் நன்னூலில் தகுதி வழக்கை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாகப் பகுத்தார். இறந்தார் என்பதை இயற்கை எய்தினார் என்கிறோம். விளக்கை அணை என்று சொல்ல நாக் கூசி, குளிர வை என்கிறோம். வீட்டைவிட்டுப் புறப்படுகிறவர் போகிறேன் என்னாமல் போய் வருகிறேன் என்கிறார். இவையெல்லாம் இலக்கணம் கல்லாதவரும் தவறாமல் காக்கும் மரபுகள்.

நோய்களிலும் இம்மரபு உண்டு. பெரியம்மை எத்துணைக் கொடிய நோய் என்பதை நம் முன்னோர் அறிவர். இந்தியாவில் 1975ஆம் ஆண்டோடு அது முடிவுற்றது. உலகிலிருந்தே ஒழிந்ததாக 1980இல் அறிவிக்கப்பட்டது. அதுவரையில் எண்ணற்ற உயிர்களைக் கவர்ந்த அந்நோய்க்குத் தமிழ்மக்கள் இட்ட பெயர் ‘அம்மை’. நோய் கண்டவரை ‘அம்மை பார்த்திருக்கிறது’ என்று தாழ்ந்த குரலில் குறித்தனர். வேப்பிலை செருகிய வீட்டில் உரத்துப் பேசவும் அஞ்சினர். அந்நம்பிக்கையின் சமயப் பொருளை நாம் ஏற்பதில்லை. எனினும் நோயுற்றவர்மீது வசைச்சொல் விழாதபடி அது காத்தது என்பதை மறுத்தற்கில்லை.

தொழுநோய்க்கு இந்தப் பேறு கிட்டவில்லை. ‘பெருவியாதி’ என்று மறைத்துச் சொன்னபோதும் அம்மறைப்பு நோயாளியின் பொருட்டன்று. சொல்பவர் தம் வீட்டில் அப்பெயர் ஒலிக்கலாகாது என்பதற்காகவே. சினம் மிகுந்தபோது, இந்நோய் உனக்கு வரட்டும் என்று சபிக்கும் வழக்கும் இருந்தது. ஒரு நோயின் பெயர் சாபமாக வழங்கும் மொழியில், அந்நோய் உடையவர் தம் நோயின் பெயரைக் கேட்கும்போதெல்லாம் சாபத்தையும் சேர்த்தே கேட்கிறார். மங்கலச் சொல் காப்பது அவையில் இருப்போரை. அவைக்குப் புறம்பே நிறுத்தப்பட்டவரை அன்று. நம் மரபின் எல்லை இது. நாம் ஆராயப்புகும் சிக்கலின் வேரும் இதுவே.

2. திருமணியில் கிடைத்த அறிவு

செங்கற்பட்டை அடுத்த திருமணியில் லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனை 1924இல் நிறுவப்பெற்றது. ஸ்காத்லாந்துத் திருச்சபை மிஷனைச் சார்ந்தோர் அங்கே ஊழியம் செய்தனர். 1955இல் நடுவண் அரசு அதனை ஏற்றுப் பயிற்சிக்கும் ஆராய்ச்சிக்குமுரிய நிறுவனமாக ஆக்கியது. அருகே பரனூரில் அரசின் மறுவாழ்வு இல்லமும் உண்டு. ஆகவே செங்கற்பட்டு வட்டாரத்து ஆயர் எவரும் தொழுநோயைப் பற்றிப் பேசும்போது எங்கோ இருப்பவரைப் பற்றிப் பேசுவதாக எண்ணிவிட முடியாது.

1930களின் நடுப்பகுதியிலிருந்து இம்மருத்துவமனையில் பணியாற்றியவர் டாக்டர் ராபர்ட் காக்ரேன். சல்போன் வகை மருந்தை இந்தியாவில் தொழுநோய்க்கு முதலில் பயன்படுத்தியோருள் அவர் ஒருவர். 1947இல் அவரது அழைப்பை ஏற்றுச் செங்கற்பட்டுக்கு வந்தவர் வேலூர் மருத்துவக் கல்லூரியின் அறுவை மருத்துவர் டாக்டர் பால் பிராண்டு. மடங்கிப்போன விரல்களையுடைய ஒருவரின் கையை அவர் பற்றியபோது அக்கையின் பிடி வலிமை மிக்கதாய் இருந்தது. தசைகள் எல்லாம் செத்துவிடவில்லை, சில நரம்புகளே செயலிழந்தன என்று அவர் உணர்ந்தார். மடங்கிய கைகளைச் சீராக்கும் அறுவை மருத்துவம் வேலூரில் வளர்ந்ததற்கு இதுவே தொடக்கம். அவரது பிற்கால ஆராய்ச்சி இன்னொன்றையும் தெளிவாக்கியது. தொழுநோயில் விரல்கள் ‘அழுகி விழுவதில்லை’. நரம்பு கெட்டு உணர்ச்சி அற்றுப்போவதால், சுடுவதும் குத்துவதும் தெரியாமல் கைகால்கள் நாளும் அடிபடுகின்றன. அப்புண்களால் உறுப்புகள் சிதைகின்றன. வலியின்மையே அந்நோயின் கொடுமை.

இவ்வறிவு கிடைத்துப் பல பத்தாண்டுகள் கடந்துவிட்டன. ஹான்சன் என்னும் நார்வே நாட்டு மருத்துவர் இந்நோயின் கிருமியைக் கண்டது 1873இல். உலக நலவாழ்வு நிறுவனத்தின் ஆய்வுக்குழு கூட்டு மருந்து முறையைப் பரிந்துரைத்தது 1981இல். 6 முதல் 12 மாத மருத்துவத்தில் நோய் குணமாகிறது. மருந்து உண்ணத் தொடங்கியதும் பிறருக்குத் தொற்றும் தன்மை விரைவில் நீங்குகிறது. மக்களுள் மிகப் பெரும்பாலோர்க்கு இந்நோயை எதிர்க்கும் ஆற்றல் இயல்பாகவே உண்டு. அப்படியிருந்தும் உலகில் ஆண்டுதோறும் புதிதாகக் கண்டறியப்படுவோரில் பாதிக்கு மேற்பட்டோர், ஏறத்தாழ ஓர் இலட்சம் பேர், இந்தியாவில் உள்ளனர். தொடக்கத்தில் அது உணர்ச்சியற்ற ஒரு தேமலாகவே தோன்றுகிறது. அந்நிலையில் மருத்துவமனைக்கு வருகிறவர் ஊனமின்றி நலம் பெறுகிறார். மறைக்கிறவரே கையையும் காலையும் இழக்கிறார். மறைக்கச் செய்வது எது? நோயன்று, அதன் பெயர். ஆகையால் இது சொல்நயம் பற்றிய ஆராய்ச்சி மட்டுமன்று. ஒருவருடைய விரல்கள் நிலைப்பதும் சிதைவதும் இதில் அடங்கியுள்ளன.

3. திருமறையின் சொல் எந்த நோயைக் குறிக்கிறது?

லேவியராகமம் 13, 14ஆம் அதிகாரங்களில் வரும் எபிரேயச் சொல் ‘சாராஅத்’. இச்சொல் மனிதர் தோலில் தோன்றுவதை மட்டும் குறிப்பதன்று. ஆடையிலும் தோற்கருவியிலும் (லேவி. 13:47-59), வீட்டுச் சுவரிலும் (லேவி. 14:33-53) தோன்றும் படிவுகளுக்கும் அதே பெயர். சுவருக்குத் தொழுநோய் வருவதில்லை என்பது எவருக்கும் தெரியும். ஆகவே இச்சொல் ஒரு குறிப்பிட்ட நோயின் பெயரன்று. வழிபாட்டுத் தூய்மைக்குத் தடையென்று கருதப்பட்ட மேற்பரப்புக் கேடுகள் பலவற்றுக்கும் பொதுவான பெயர். மேலும் அவ்வதிகாரங்களில் உணர்ச்சியின்மை, விரல் மடங்குதல் ஆகிய தொழுநோய்க் குறிகள் கூறப்படவில்லை. மிரியாம் (எண். 12:10), கேயாசி (2 இராஜா. 5:27) வரலாறுகளில் காணும் பனிபோன்ற வெண்மையும் தொழுநோயின் குறியன்று.

எபிரேய வேதத்தைக் கிரேக்கத்தில் பெயர்த்தோர் இதற்கு ‘லெப்ரா’ என்னும் சொல்லை இட்டனர். கிரேக்க மருத்துவ நூல்களில் அச்சொல் செதில் உதிரும் தோல்நோய்களைக் குறித்தது. நாம் தொழுநோய் என்பதைக் கிரேக்க மருத்துவர் வேறு பெயரால் வழங்கினர். இடைக்காலத்தில் அரபு மருத்துவ நூல்கள் இலத்தீனுக்குப் பெயர்க்கப்பட்டபோது இரு பெயர்களும் ஒன்றாய்க் கலந்தன. அதன் விளைவாக லேவியராகமத்தின் தீட்டு முழுவதும் ஒரே நோயின் தலையில் இறங்கியது. செங்கற்பட்டில் நோயாளிகளிடையே வாழ்ந்த டாக்டர் காக்ரேன் இவ்வினாவை ஆராய்ந்து, திருமறைக் ‘குஷ்டரோகம்’ பற்றி 1961இல் ஒரு சிறு நூலே எழுதி வெளியிட்டார். ஒரு மருத்துவர் இதற்கென்று நூல் எழுத நேர்ந்ததே, மேடையில் வழங்கும் ஒரு சொல் மருத்துவமனையின் வேலையை எவ்வளவு கெடுக்கவல்லது என்பதைக் காட்டும்.

4. இரு மொழிபெயர்ப்புகள்

1871இல் வெளிவந்து இன்றும் நம் சபைகளில் வாசிக்கப்படும் பழைய மொழிபெயர்ப்பு ‘குஷ்டரோகி’ என்கிறது. அவரை ‘அவன்’ என்றும் குறிக்கிறது. 1995இல் பல திருச்சபையினரும் கூடி உருவாக்கிய திருவிவிலியம் நற்செய்தி நூல்களில் ‘தொழுநோயாளர்’ என்று மரியாதைப் பன்மையில் பெயர்க்கிறது. இரண்டையும் ஒப்பிடுவோர் பின்னதே மேம்பட்டது என்று உடனே தீர்ப்புக் கூறுவர். அத்தீர்ப்பில் பாதி உண்மை.

மரியாதை ஒருமையில் நோயுற்றவரைக் குறித்தது பெரும் ஆதாயம். தமிழில் ‘அவன்’ என்பதற்கும் ‘அவர்’ என்பதற்கும் இடையே உள்ள தொலைவு ஆங்கிலேயர்க்கு விளங்காது; நமக்கு விளங்கும். நற்செய்தி நூலில் நூற்றுக்கதிபரையும் பரிசேயரையும் மரியாதையோடு குறிக்கும் ஒருவர், ஆண்டவர் கைநீட்டித் தொட்ட மனிதரை மட்டும் மரியாதையின்றிக் குறிப்பாரானால் அவர் ஆண்டவரின் செயலுக்கு மாறாகப் பேசுகிறார்.

ஆயின் நோயின் பெயரைப் பொறுத்தவரை இழப்பும் உண்டு. ‘குஷ்டம்’ என்பது வடமொழி மருத்துவ நூல்களில் 18 வகையாகப் பகுக்கப்பெற்ற பெரும் தொகுதி. படையும் செதில் உதிரும் நோய்களும் அதில் அடங்கும். தோலின் நிறம் மட்டும் மாறும் நிலையையும் ‘வெண்குஷ்டம்’ என்றே மக்கள் வழங்கினர். அது தொற்றாதது, தொழுநோயோடு எத்தொடர்பும் அற்றது. அப்பெயரால் பலருடைய மணவாழ்வும் வேலையும் பாதிக்கப்பட்டமையால் இப்போது ‘வெண்புள்ளி’ என்னும் சொல் வழக்கிற்கு வந்துள்ளது. இவ்வாறு பரந்த பொருளுடைய ‘குஷ்டம்’, நோயின் பெயர் என்ற அளவில், எபிரேயச் சொல்லுக்கு நெருக்கமானது. ‘தொழுநோய்’ என்பதோ இன்று மருத்துவமனைப் பலகையில் எழுதப்பெறும் பெயர். ஒரே ஒரு நோயை ஐயமின்றிச் சுட்டும் பெயர். அதனை லேவியராகமத்தின் தீட்டுச் சட்டங்களைப் படிக்கும்போது பயன்படுத்தினால், பாளையத்துக்குப் புறம்பே வாழ வேண்டும் என்னும் பழைய விதி, திருமணியில் மருந்து வாங்கிச் செல்லும் இன்றைய மனிதரின்மேல் நேராகச் சென்று விழுகிறது. பழைய சொல் மனிதரை இழிவுபடுத்தியது. புதிய சொல் மனிதரை உயர்த்த முயன்று நோயைத் தவறாகச் சுட்டியது. பண்பான சொல்லும் புண்படுத்தக்கூடும் என்பதற்கு இது தக்க சான்று.

பெத்தானியாவில் ஆண்டவருக்கு விருந்து நடந்த வீட்டின் தலைவரான சீமோனைப் பற்றியும் (மாற். 14:3) ஒரு சொல். விருந்தினர் கூடியிருந்தமையால் அவர் அதற்குமுன்பே நலம் பெற்றிருத்தல் வேண்டும் என்பர் உரையாசிரியர். கிரேக்க மூலம் அவர் பெயரோடு நோயின் பெயரை அடைமொழியாக நிறுத்துகிறது. நம் பழைய மொழிபெயர்ப்பாளரோ ‘ஆயிருந்த’ என்று ஒரு பெயரெச்சத்தைச் சேர்த்து, அந்நோயை அவருடைய கடந்த காலத்திற்குரியதாக ஆக்கினர். மரியாதை விகுதிகளில் குறைபட்ட அதே மொழிபெயர்ப்பு இங்கே நுட்பமான கரிசனத்தைக் காட்டுகிறது. நலம் பெற்றவரை இன்னும் ‘முன்னாள் தொழுநோயாளி’ என்று குறிக்கும் நம் காலத்தவர் இதைக் கவனிக்க வேண்டும். முன்னாள் அம்மை நோயாளி என்று எவரையும் நாம் அழைப்பதில்லை.

5. பாவத்திற்கு உவமையாகலாமா?

பெயரை மாற்றிவிட்டால் குறை தீர்ந்தது என்று கருதுவோர்க்கு நாம் சுட்ட விரும்புவது இதுதான்: மேடையில் மிகுதியாய்ப் புண்படுத்துவது பெயரன்று, உவமை. ‘பாவமாகிய குஷ்டரோகம்’ என்னும் தொடரைக் கேளாத சபையார் இருத்தல் அரிது. அருளுரையாளர் நோயின் தோற்றத்தை விரித்துரைப்பார். துர்நாற்றம், அழுகல், உதிர்ந்த விரல்கள் என்று வருணிப்பார். அருவருப்பு உச்சத்தை எட்டியதும், உங்கள் ஆத்துமாவின் நிலையும் இதுவே என்பார். பாவத்தின்மேல் வெறுப்புண்டாக்க வேண்டும் என்பதே அவர் நோக்கம். ஆனால் அதற்கு முதற்படியாக அவர் உண்டாக்கியது ஒரு மனிதரின் உடல்மேல் வெறுப்பு. அவ்வருணனை மருத்துவ உண்மைக்கு மாறானது என்பதை மேலே கண்டோம்.

இவ்வுவமைக்குத் திருமறையில் ஆதாரம் தேடினால் அது எதிர்பார்த்த அளவு உறுதியாயில்லை. மிரியாம், கேயாசி, உசியா ஆகியோர் வரலாற்றில் இது தண்டனையாக வருகிறது உண்மை. ஆனால் நாகமானிடம் எக்குற்றமும் சுட்டப்படவில்லை; ஆண்டவர் நாசரேத்தில் பேசியபோது அவரைப் பெயர் சொல்லியே நினைவுகூர்ந்தார் (லூக். 4:27). இன்னும் முக்கியமானது வேறொன்று. நற்செய்தி நூல்களில் இந்நோயுற்று வந்த எவரிடமும், உன் பாவங்கள் மன்னிக்கப்பட்டன என்று ஆண்டவர் சொன்னதாக இல்லை (மாற். 1:40-45, லூக். 17:11-19). அவர் அவ்வாறு சொன்னது திமிர்வாதக்காரரிடம் (மாற். 2:5). அப்படியிருந்தும் திமிர்வாதத்தைப் பாவத்திற்கு நிலையான உவமையாக்க எவரும் துணியவில்லை. பக்கவாதத்தால் படுத்திருக்கும் பெரியவரின் மக்கள் முன்வரிசையில் அமர்ந்திருப்பார்கள் என்று அருளுரையாளர்க்குத் தெரியும். தொழுநோயுற்றவர் சபையில் இருப்பார் என்று மட்டும் அவர் எண்ணுவதில்லை.

இங்கேதான் நம் இலக்கணம் நமக்கு ஓர் அளவுகோலைத் தருகிறது. தமிழில் மூவிடங்கள் உண்டு: தன்மை, முன்னிலை, படர்க்கை. முன்னிலையில் நிற்பவரிடம் நாம் சொல்லத் துணியாத பலவற்றைப் படர்க்கையில் நிற்பவரைப் பற்றித் தயக்கமின்றிச் சொல்கிறோம். எண்ணாமல் புண்படுத்தும் சொற்களை ஆராய்ந்தால் அவற்றுட் பெரும்பாலானவை படர்க்கைச் சொற்கள் முன்னிலையில் வந்து விழுந்தவையே. ‘குஷ்டரோகி’ என்பது முகம் நோக்கி எவரையும் விளிக்க முடியாத சொல். எவரையும் விளிக்க முடியாத சொல்லால் எவரையும் குறிக்கவும் கூடாது. தோளில் உணர்ச்சியற்ற தேமல் ஒன்றை மேற்சட்டையால் மறைத்துக்கொண்டு சபையின் நடுவே அமர்ந்திருக்கும் இளைஞர், தாம் படர்க்கையில் இல்லை என்பதை அறிவார். அருளுரையாளர் அறியார். அந்த அருளுரைக்குப்பின் அவர் மருத்துவரிடம் செல்வாரா, சட்டையின் பொத்தானை இன்னும் இறுக்கமாகப் போட்டுக்கொள்வாரா?

6. சந்திப்பு உரையாடல்கள்

மேடையைவிட்டு இறங்கி, நோயுற்றோரைச் சந்திக்கும் பணிக்கு வருவோம். இங்கே பேசுவோர் இரக்கமுடையோர். குற்றம் கூறத்தக்கவர் அல்லர். எனினும் இரக்கத்தைக் காட்ட நம் மொழியில் முதலில் வாய்க்கு வரும் சொல்லே ஒரு கண்ணி. ‘ஐயோ, பாவம்!’ என்கிறோம். பொதுத்தமிழில் அது பரிவுக் குறிப்பு. ஆனால் ஞாயிறுதோறும் பாவம் என்னும் சொல்லை வேறொரு பொருளில் கேட்டுவரும் கிறிஸ்தவரின் காதில், தம் கையைப் பார்த்தவுடன் ஆயரம்மா சொல்லும் ‘பாவம்’ எப்படி ஒலிக்கும்? சொன்னவர் நினைத்தது பரிவு. கேட்டவர் பெற்றது தீர்ப்பு. இரண்டுக்கும் ஒரே சொல் என்பது மொழியின் தற்செயல். அதை அறிந்தவர் கட்டிலருகே அச்சொல்லைத் தவிர்ப்பார்.

‘உங்களுக்கு எப்படி இது வந்தது?’ என்னும் வினாவும் அத்தகையதே. காய்ச்சல் கண்டவரிடம் அது நலம் விசாரிப்பு. இங்கோ குற்ற விசாரணை. பிறவிக்குருடரைக் கண்டு சீடர் எழுப்பிய வினாவும் இதுதான் (யோவா. 9:2). இவர் செய்த பாவமோ, பெற்றோர் செய்த பாவமோ என்று அவர்கள் கேட்டது அம்மனிதரிடமன்று. அவர் காதுபட, அவரைப் படர்க்கையில் வைத்து, ஆசிரியரிடம் கேட்டனர். ஆண்டவர் அவ்வினாவின் இரு கிளைகளையும் ஒருங்கே மறுத்தார். நற்கருணைப் பந்தியில் ‘நீங்கள் கடைசியில் வந்தால் போதும்’ என்று மெல்லச் சொல்லப்படுமாயின், அது எவ்வளவு பணிவான குரலில் சொல்லப்பட்டாலும் பாளையத்துக்குப் புறம்பே அனுப்பும் சொல்லே ஆகும்.

உலக அளவில் இவ்வுணர்வு வளர்ந்துள்ளது. மனிதரை நோயின் பெயராலேயே அழைக்கும் ஆங்கிலச் சொல்லைக் கைவிட வேண்டும் என்று 1948இல் ஹவானாவில் கூடிய பன்னாட்டுத் தொழுநோய் மாநாடு தீர்மானித்தது. 1874இல் தோன்றிய தொழுநோயாளர் மிஷன், 1965இல் அச்சொல்லைத் தன் பெயரிலிருந்தே நீக்கித் தொழுநோய் மிஷன் ஆயிற்று. 2010இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்ற நெறிமுறைகள், எம்மொழியிலும் அதற்கு நிகரான சொல்லை அரசு வெளியீடுகளிலிருந்து அகற்றுமாறு கேட்டுக்கொண்டன. நம் நாட்டில் 1898ஆம் ஆண்டின் தொழுநோயாளர் சட்டம் 2016இல் நீக்கப்பட்டது. கிறிஸ்தவர்க்குரிய 1869ஆம் ஆண்டின் மணமுறிவுச் சட்டத்தில் தொழுநோயை மணமுறிவுக்குக் காரணமாக வைத்திருந்த பகுதி 2019இல்தான் அகற்றப்பட்டது. நாட்டின் சட்டம் தன் சொற்களைத் திருத்திக்கொண்டது. மேடைமொழி அதற்குப் பின்தங்குவது முறையன்று.

7. கடற்கரையில் ஒரு சொல்

மேற்கூறிய அளவுகோல் நோய்க்கு மட்டும் உரியதன்று. கோவளம் முதல் மாமல்லபுரத்தின் தேவனேரி, கொக்கிலமேடு வழியாகச் சதுரங்கப்பட்டினம் வரையில் கடலை நம்பி வாழும் மக்களின் குடியிருப்புகள் உள்ளன. அவர்கள் நடுவே சென்று பேசும் அருளுரையாளர் பலர்க்குப் பிடித்தமான தொடர், ‘படிப்பறிவில்லாத வெறும் செம்படவனாகிய பேதுரு’ என்பது. கேட்போரின் தொழிலிலிருந்தே ஒரு சீடரை எடுத்துக்காட்டுவதால் அவர்கள் மகிழ்வர் என்று அவர் கருதுகிறார். ஆனால் அத்தொடரில் இரு பிழைகள் உள்ளன.

முதலாவது, செம்படவர் என்பது பெரும்பாலும் ஏரியிலும் ஆற்றிலும் மீன்பிடிக்கும் சமூகத்தாரின் பெயர். இக்கடற்கரையில் கடலோடுவோர் தம்மைப் பட்டினவர் என்பர். மீனவர் என்பது எல்லார்க்கும் ஏற்ற பொதுப்பெயர். ஒருவரைச் சிறப்பிக்க வந்த இடத்தில் அவர் பெயரையே பிழைபடச் சொல்வது நன்றன்று. இரண்டாவது, ‘வெறும்’ என்னும் அடைமொழி. கொண்டலும் கச்சானும் வாடையும் மாறுவதைக் கணித்து, கரை தெரியாத இடத்தில் வலைவிட்டு மீளும் அறிவைச் சொல்பவர் அறிவென்றே கருதவில்லை. கட்டுமரம் என்னும் சொல்லையே உலக மொழிகளுக்குத் தந்தவர்கள் இக்கரையினர்.

அப்போஸ்தலர் 4:13ஐக் கூர்ந்து படித்தால், பேதுருவும் யோவானும் கல்லாதவர் என்பது ஆலோசனைச் சங்கத்தாரின் மதிப்பீடு, திருச்சபையின் மதிப்பீடன்று. அத்தொடரை மேடையில் தம் கூற்றாகச் சொல்பவர், தாம் அறியாமலே சங்கத்தாரின் இருக்கையில் அமர்ந்துவிடுகிறார். ‘குப்பம்’ என்னும் சொல்லும் மீனவர் வாழும் ஊரை மட்டுமே குறிப்பது. நகரத்தார் வாயில் அது வசையாயிற்று.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, இக்கரையில் ஆழிப்பேரலை எழுந்தது. அந்நாட்களில் சில மேடைகளில் அதனைக் கடலோர மக்களின் பாவத்துக்கு வந்த தண்டனை என்று பேசியோர் இருந்தனர். சீலோவாம் கோபுரம் விழுந்து இறந்தோரைப் பற்றி ஆண்டவர் சொன்னதை (லூக். 13:4-5) அவர்கள் மறந்தனர். இறந்தவரைப் படர்க்கையில் வைத்து விளக்கம் சொல்வது எளிது. குழந்தையை இழந்த தாயின் முன்னிலையில் அதே விளக்கத்தைச் சொல்லிப் பார்ப்பவர்க்கு, அது இறையியல் அன்று என்பது சொல்லி முடிக்குமுன்பே விளங்கிவிடும்.

8. செய்யத்தக்கவை

பழைய மொழிபெயர்ப்பு நம் மக்களின் நெஞ்சில் ஊறிய நூல். அதன் சொற்களை வாசிப்பில் மாற்ற வேண்டும் என்று நாம் வற்புறுத்தவில்லை. ஆனால் வாசித்தபின் பேசுவது நம் சொல். அதில் சிலவற்றைக் கடைப்பிடிக்கலாம்.

லேவியராகமத்தை விளக்கும்போது, அங்கே கூறப்படுவது இன்றைய தொழுநோய் அன்று, பலவகைத் தோற்கேடுகளுக்குரிய பழைய பெயர் என்று ஒரு வாக்கியம் சொல்லலாம். நற்செய்திப் பகுதிகளில் ‘தோல்நோயுற்ற ஒருவர்’ என்று எளிமையாகச் சொன்னால் பொருள் குறைவதில்லை. இன்றைய நோயைக் குறிக்கும்போது ‘தொழுநோய் கண்டவர்’, ‘தொழுநோயிலிருந்து நலம் பெற்றவர்’ என்னலாம். இவற்றில் நோய் வினையாகவும் மனிதர் பெயராகவும் நிற்கின்றனர். பாவத்துக்கு இந்நோயை உவமையாக்கும் வழக்கத்தை அறவே விட்டுவிடலாம். ஜனவரி 30ஆம் நாளையொட்டி வரும் தொழுநோய் விழிப்புணர்வு ஞாயிற்றில் காணிக்கை எடுப்பதோடு நில்லாமல், உணர்ச்சியற்ற தேமலைக் காட்டத் தயங்க வேண்டா, மருத்துவம் இலவசம், நோய் முற்றிலும் குணமாகும் என்று மேடையிலிருந்தே அறிவிக்கலாம். அவ்வறிவிப்பு ஒருவரின் கையைக் காக்கும்.

இறையியல் மாணவர்க்கு இன்னும் ஒன்று. அருளுரையை எழுதி முடித்ததும், அதில் படர்க்கையில் வரும் ஒவ்வொருவரையும் முன்வரிசையில் அமர்த்தி மறுபடி படித்துப் பாருங்கள். நோயுற்றவர், மீனவர், விதவை, குழந்தையில்லாதவர் ஆகிய எல்லாரும் அங்கே அமர்ந்திருக்கட்டும். அவர்கள் முகம் பார்த்துச் சொல்ல இயலாத வாக்கியத்தை அடித்துவிடுங்கள். அடித்ததனால் அருளுரை சுருங்கினால் சுருங்கட்டும். ஆண்டவர் அந்நோயுற்றவரிடம் பேசியது மிகச் சில சொற்களே. கையை நீட்டி அவரைத் தொட்டு, முன்னிலையில் நிறுத்தியே பேசினார்.